கண்ணில் படாத துணிக்கு முதல் செலவு

மயிலாப்பூர்
ஜூலை 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கென்று நீ போனில் அனுப்பிய துணிப் பட்டியலைப் பார்த்தேன். போனிலேயே பதில் சொன்னால் "சரி சித்தி, சரி சித்தி" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் கடைக்குப் போகும்போது பையில் கிடக்கும், எடுத்துப் பார்த்துக்கொள்வாய். ஆகவே இந்தக் கடிதம்.

கறுப்பு பிளேசர், வெள்ளைச் சட்டை, பென்சில் ஸ்கர்ட், மூன்று அங்குல ஹீல்ஸ், கடைசியாக ஒரு ட்ரெஞ்ச் கோட். சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கோட்டு யாருக்கு, ஆடிட்டருக்கா?" என்றார். குளிர்நாட்டில் மழைத்தூறலுக்குப் போடுவது என்று விளக்கினேன். பாப்பா, நவம்பரில் ஒரு நல்ல மழை பெய்தால் தி.நகரில் தண்ணீர் முழங்காலைத் தொடும். அன்றைக்குக் கோட்டு உதவாது. முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடக்கூடிய பேன்ட்தான் உதவும். பிளேசரை நான் முழுக்கத் தள்ளவில்லை. பின்னால் எப்போதாவது நேர்முகத் தேர்வு வந்தால் வாங்கிக்கொள்ளலாம். இப்போது வேண்டாம்.

இன்னொன்று எழுதியிருந்தாய், பாளையங்கோட்டையில் ஒன்றும் கிடைக்காது, எல்லாம் தி.நகரில்தான் வாங்க வேண்டும் என்று. சிரித்துவிட்டேன். பனகல் பார்க்கைச் சுற்றி இருக்கும் பெரிய ஜவுளிக்கடைகளின் ஊர் எது என்று விசாரித்துப் பார். ஆர்.எம்.கே.வி. 1924-இல் உங்கள் திருநெல்வேலியில் ஆரம்பித்தது. போத்தீஸ் அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில். சரவணா ஸ்டோர்ஸ் குடும்பமும் தெற்கத்திக்காரர்கள்தான். தெற்கேயிருந்து மூட்டை கட்டி வந்தவர்கள் போட்ட கடைகளில் துணி எடுக்க, நீயும் மூட்டை கட்டி வருகிறாய். பரவாயில்லை, வா. ஆனால் வருவதற்கு முன்னால் நான் வேலைக்குப் போன முதல் நாள் கதையைக் கேட்டுக்கொள். உங்கம்மா இதைச் சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் சேலை அவளுடையது.

1982. எனக்கு பேங்கில் வேலை கிடைத்து லஸ் கார்னரில் பஸ் ஏறினேன். அக்காவின் காஞ்சிபுரம் காட்டன், கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அட்டை மாதிரி நின்றது. அக்கா அதை வீட்டு விசேஷங்களுக்குக் கட்டியவள், ஃபால்ஸ் தைக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை. பஸ் படியில் வலது கால் கட்டைவிரல் சேலை ஓரத்தில் மாட்டியது, நானோ ஏறிக்கொண்டிருக்கிறேன். ஓரம் ஒரு சாண் கிழிந்தது, கொசுவம் மொத்தமும் கையோடு வந்தது. உள்ளே கட்டியிருந்தது வழுக்குகிற சாட்டின் பாவாடை, நாடாவோ கயிறு மாதிரி மெல்லியது. கவுன்ட்டருக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை எல்லாவற்றையும் அள்ளிச் செருகினேன். கிளையில் ஒரு சீனியர் அம்மா இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ரெக்கார்டு ரூமுக்குக் கூட்டிப் போய், தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளில் இரண்டைக் கழற்றி என் கொசுவத்தில் குத்தினார்கள். "சேலை ஐநூறு ரூபாயா இருந்தாலும் அதைத் தாங்குறது பாவாடை நாடாதாண்டி" என்றார்கள். சாயங்காலம் என்னைப் பாண்டி பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். புதுச் சேலை வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். நாயுடு ஹாலில் உள்ளாடை, இன்னொரு கடையில் இரண்டு பாப்ளின் பாவாடை, ஒரு கஜம் ஃபால்ஸ் துணி. அவ்வளவுதான் வாங்கினோம். பையில் வைத்தால் யாருக்கும் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. மறுநாள் அதே கிழிந்த சேலையை மடித்துத் தைத்துக் கட்டிக்கொண்டு போனேன், நாள் முழுக்கச் சேலை என்ற ஒன்று உடம்பில் இருப்பதே ஞாபகம் வரவில்லை.

அத்தான் உனக்குப் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதில் முதல் 3,500 யார் கண்ணிலும் படாத சாமானுக்குப் போகட்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உள்ளாடைக்கும் பாவாடைக்கும் 2,000, செருப்புக்கு 1,500. செருப்பு கண்ணில் படுமே என்பாய். மேஜைக்கு அடியில் யார் பார்க்கிறார்கள்?

உள்ளாடையை அளவு பார்த்துக் கொடுக்கும் கடையில் போட்டுப் பார்த்து வாங்கு. கூச்சப்பட்டு, கல்லூரிக் காலத்து அளவையே சொல்லி வாங்கிவிடாதே, உடம்பு மாறியிருக்கும். எவ்வளவு நல்ல குர்தாவும் அளவு தப்பிய உள்ளாடையின் மேல் நன்றாக நிற்காது. பாவாடை பருத்திதான், பாப்ளின். சாட்டின் வேண்டாம், அதன் மேல் சேலை வழுக்கும். சந்தன நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று இருந்தால் முதல் வருஷம் ஓடிவிடும். நாடா அகலமாக, தட்டையாக இருக்கட்டும். கயிறு போன்ற நாடாவைத் தினமும் இறுக்கினால் இடுப்பில் தோல் கறுக்கும், புண்ணாகும். பல பத்தாண்டுகள் அப்படி இறுக்கிக் கட்டிய வயதான பெண்கள் இருவருக்கு அந்தப் புண்ணே புற்றுநோயாக மாறியதை வார்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024-இல் எழுதியிருக்கிறார்கள். உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நாடாவைத் தளர்த்து, அவ்வளவுதான்.

செருப்பு பற்றி எனக்கு ஒரு அனுபவம் உண்டு. நீ ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்கு வருகிறாய், இரண்டு வருஷம். ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகளை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து முப்பத்தைந்து ஏப்ரல் பார்த்திருக்கிறேன். மார்ச் 31 முடிந்ததும் கிளைத் தணிக்கைக்கு வந்துவிடுவார்கள். வெளியே கத்திரி வெயிலுக்கு முந்தைய புழுக்கம், உள்ளே ஏ.சி., நடுவில் தூசி நிறைந்த ரெக்கார்டு ரூம். ஒரு வருஷம் ஒரு பெண் வெள்ளை பேன்ட், ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கடன் பத்திரக் கட்டுகள் கீழ்த்தட்டில் இருந்தன, அவளால் குந்தி உட்கார முடியவில்லை. கூட வந்த இன்னொரு பெண் கருநீலப் பருத்திக் குர்தா, காலில் பட்டை வைத்த தட்டைச் செருப்பு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தாள். எங்கள் மேனேஜர் சந்தேகம் கேட்டது யாரிடம் என்று நினைக்கிறாய்? நீ ஸ்டாக் எண்ணக் கிடங்குக்குப் போவாய், அம்பத்தூர் பக்கம் ஃபேக்டரிக்குப் போவாய். குதிகாலைப் பிடிக்கும் பட்டை, வழுக்காத அடிப்பாகம், நனைந்தாலும் காயும் மேல்பாகம், இந்த மூன்றும் இருக்கிற கறுப்புச் செருப்பு ஒன்று போதும். மழைக்கென்று ஒரு பழைய ரப்பர் செருப்பை ஆபீஸிலேயே போட்டு வை.

அடுத்தது எண்ணிக்கை. "எத்தனை செட் வேண்டும் சித்தி" என்று கேட்டிருந்தாய். இதற்கு ஃபேஷன் தெரிந்தவர்களிடம் பதில் இல்லை, துணி துவைக்கிறவர்களிடம்தான் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு மேல்சட்டையை ஒரு நாளைக்கு மேல் போட முடியாது. கடற்காற்று வரும், வியர்வை காயாது. ஹாஸ்டலில் வாரத்துக்கு இரண்டு தடவை துவைக்கலாம் என்று வைத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தது காய இரண்டு நாள் ஆகும், அப்போதும் ஒரு மாதிரி வாடை அடிக்கும். ஆகவே குர்தா ஐந்து. கீழே போடுவது அப்படி இல்லை, ஒரு பேன்ட்டை இரண்டு நாள் போடலாம், ஆகவே மூன்று. கல்லூரியில் போட்ட நல்ல குர்தா இரண்டும் அந்தச் சாம்பல் பேன்ட்டும் அப்படியே இருக்கட்டும். புதிதாகத் தேவை மூன்று குர்தா, இரண்டு பேன்ட். குர்தா துணிக்கும் தையலுக்கும் 3,500, பேன்ட்டுக்கு 1,500. லெக்கிங்ஸ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நான் அந்தக் காலத்து ஆள் என்று சிரிப்பாய். ஆனால் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் சருமத்துக்குக் காற்றே போகாது, பார்த்துக்கொள். நேராக இறங்கும் பருத்தி பேன்ட், கறுப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று. எந்தக் குர்தாவும் எந்தப் பேன்ட்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். பச்சைக் குர்தாவுக்குப் பச்சைப் பேன்ட்தான் என்ற 'செட்' கணக்கில் எடுத்தால் ஒன்று கிழிந்ததும் மற்றது அனாதை.

துணி பார்க்கும் விதம். கடையின் விளக்கு எல்லாத் துணியையும் பளபளவென்று காட்டும், அதை நம்பாதே. வாசல் வரைக்கும் எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார். உன் கை நிழல் தெரிந்தால் லைனிங் போட வேண்டியிருக்கும், அதற்குத் தனிச் செலவு. ஒரு மூலையைக் கைக்குள் பத்து எண்ணும் வரை கசக்கிப் பிடி. பருத்தி சுருங்கும், அது குற்றமில்லை, இஸ்திரி வண்டிக்காரர் எதற்கு இருக்கிறார்? சுருங்கவே இல்லை என்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கும், பதினொரு மணி வெயிலில் நீயே தெரிந்துகொள்வாய். ரேயான் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், நாலு தடவை துவைத்ததும் நீளம் குறையும். பிறகு கைக்குட்டையை நனைத்து ஒரு ஓரத்தில் தேய்த்துப் பார், சாயம் ஒட்டுகிறதா என்று.

ரெடிமேடாக எடுத்தால் டிரையல் ரூமில் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பித் திரும்பி நிற்காதே. பஸ் கம்பியைப் பிடிப்பது போல வலது கையை நேராக மேலே தூக்கு. அக்குளில் பிடிக்கிறதா, குர்தா இடுப்புக்கு மேல் ஏறுகிறதா பார். அப்புறம் கீழ்த்தட்டிலிருந்து ஃபைல் எடுப்பது போல ஒரு தடவை குந்தி எழு. இரண்டிலும் தேறினால் பில் போடு. பெண்களுக்கு வெள்ளைப் பலகை பஸ்ஸில் 2021-இலிருந்து டிக்கெட் இல்லை, ஆனால் அந்தப் பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு உட்கார இடமும் இல்லை. அடையாற்று ஹாஸ்டலிலிருந்து தி.நகர் ஆபீஸ் வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டுதான் வருவாய்.

தையலைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேலே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். நாற்பது வருஷத்தில் நான் துணியை மாற்றியிருக்கிறேன், கடையை மாற்றியிருக்கிறேன், தையற்காரரை மாற்றியது ஒரே ஒரு தடவை, அதுவும் முந்தையவர் ஊருக்குப் போய்விட்டதால். மாடவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறார் இப்போதைய ஆள். மெஷின், ஒரு பல்பு, தரையெல்லாம் வெட்டுத் துணி. கூட்டிப் போய் அறிமுகம் செய்து வைக்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டியவை: துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். உள்ளே இரண்டு பக்கமும் துணி விட்டுத் தையுங்கள், ஆடிட்டர் ஆபீஸ் டீயும் போண்டாவும் ஆறு மாதத்தில் ஒரு அங்குலம் கேட்கும். குர்தாவின் வலப்பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வையுங்கள். இந்தப் பாக்கெட்டை எந்தக் கடையும் தரமாட்டேன் என்கிறது, ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. போன், பஸ் பாஸ், பேனா எல்லாவற்றையும் ஆண்களுக்கு மட்டும்தான் கடவுள் கொடுத்தாரா? தையற்காரர் முப்பது ரூபாய் கூடக் கேட்பார், கொடு.

நேரம் முக்கியம். இன்னும் பத்து நாளில் ஆடி பிறக்கிறது. தி.நகர் முழுக்கத் தள்ளுபடிப் பலகை தொங்கும், உஸ்மான் ரோட்டில் நடக்க முடியாது. என் அபிப்பிராயம் என்னவென்றால், ஆடியில் சேலை எடுக்காதே, பாவாடை, கைக்குட்டை, துண்டு, தலையணை உறை எடு. இவற்றில் போன வருஷத்துச் சரக்கு, இந்த வருஷத்துச் சரக்கு என்று ஒன்றும் கிடையாது. ஆடியில் இன்னொரு லாபம் உண்டு, ஜவுளிக்கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். அந்த மாதம் கல்யாணம் இல்லை, தையற்காரர் சும்மா இருப்பார். நாலு நாளில் தைத்துத் தருவார். ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் உன் குர்தா கல்யாணப் பெண்களின் ஆரி வேலை ரவிக்கைகளுக்கு அடியில் போய்விடும், தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

சேலை எதற்கு என்று கேட்பாய். தினமும் வேண்டாம். வாடிக்கையாளர் கம்பெனியில் பெரியவர்களோடு கூட்டம் இருக்கும், வருமான வரி ஆபீஸுக்கு ஆடிட்டரோடு போக வேண்டியிருக்கும், ஆயுதபூஜை வரும். இரண்டு சேலை போதும். ஒன்று எழும்பூர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகையில், கோ-ஆப்டெக்ஸில் எடுப்போம். 1935-இல் நெசவாளர்கள் கூட்டுறவாக ஆரம்பித்தது, எங்கள் பேங்கில் பாதிப் பேருடைய பீரோ அங்கே நிரம்பியதுதான். கோவை கோரா காட்டன் என்று கேள். பருத்தியும் பசை நீக்காத பட்டும் கலந்து நெய்வது, 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூட்டத்துக்குப் போகும் நாளுக்கு அதுதான் சரி, பட்டு மாதிரி மின்னாது, பருத்தி மாதிரி தொங்காது. பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் இன்னும் கொஞ்சம் கனம், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், அதற்கு 2023-இல் குறியீடு வந்தது. செட்டிநாட்டுக் கண்டாங்கி எனக்கு உயிர், ஆனால் அந்தக் கட்டமும் அரக்குச் சிவப்பும் ஆபீஸ் அறைக்குள் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷம் கழித்து, அந்த அறை உனக்குப் பழகியதும் எடுக்கலாம். உனக்கு 1,500-க்குள் கோரா கிடைக்கும். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வரும், ஆனால் அதுவரைக்கும் காத்திருக்க உனக்கு நேரமில்லை. ரவிக்கைக்கு லஸ் பக்கம் மேட்சிங் சென்டரில் டூ பை டூ ரூபியா எடுத்துக்கொள்ளலாம், சேலையோடு வரும் ரவிக்கைத் துணி சேலையின் உடல் நிறத்திலேயே இருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. இதில் பத்தாயிரத்தைத் தாண்டி இடிப்பது என் கணக்கு, அத்தானிடம் கேட்காதே.

எடுத்த அன்றைக்கே எதையும் கட்டிக்கொள்ளாதே. முதல் தடவை உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் தனியாக நனை. உப்பு சாயத்தைப் பிடிக்குமோ பிடிக்காதோ, 'தனியாக' என்பதுதான் முக்கியம். இந்த ஊர் சாயம் போவதற்கே பேர் போன ஊர், தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களுக்காகவே 1734-இல் ஒரு பேட்டை அமைத்தார்கள், சின்னத் தறிப்பேட்டை, அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. மதராஸ் கட்டம் போட்ட பருத்தி கடல் தாண்டிப் போனது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் அந்தத் துணியை வாங்கி ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மெஷினில் போட்டார்கள், சாயம் ஓடியது, வழக்குப் போடும் அளவுக்குப் புகார். கடைசியில் 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து, துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் துணி என்று விற்றுத் தீர்த்துவிட்டார்கள். அந்தச் சாமர்த்தியம் ஹாஸ்டல் வாளியில் செல்லாது. ரூம் தோழியின் வெள்ளைக் குர்தாவில் உன் சிவப்பு ஏறினால் உத்தரவாதம் என்றெல்லாம் பேச முடியாது. அடையாற்றுப் பக்கம் போர் தண்ணீர் உப்பு, கறுப்பு சீக்கிரம் வெளுத்துச் சாம்பலாகும். உள்புறத்தை வெளியே திருப்பித் துவைத்து, நிழலில் காயப்போடு.

ஷால் போட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். முதல் வாரம் போட்டுக்கொண்டு போ, அங்கே மற்றவர்களைப் பார், பிறகு உன் இஷ்டம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் கிளைக்கு ஒரு பெண் முதன்முதலாகச் சுடிதாரில் வந்தபோது மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போய்விட்டு வந்து, மறுநாளும் சுடிதாரிலேயே வந்தாள். அந்த வருஷமே எங்களில் மூன்று பேர் தைத்துக்கொண்டோம், நானும் ஒருத்தி. அரசாங்கம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்று எழுத்தில் ஆணை போட்டதே 2019-இல்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆபீஸ் பையன்கள் யாருடைய பைக்கிலாவது பின்னால் உட்கார நேர்ந்தால் ஷாலை அவிழ்த்துப் பையில் வை. சக்கரத்தில் மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து. ஏ.சி. குளிருக்குத் தடித்த பருத்தி ஷால் ஒன்று நாற்காலியிலேயே கிடக்கட்டும், உன் பிளேசர் அதுதான். பூ வைத்துக்கொண்டு போகலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக. மாடவீதியில் கூடைக்காரம்மா காலை ஏழு மணிக்கே வந்துவிடுவாள்.

தி.நகரில் ஒன்றைக் கவனி. ஒரு சேலை காட்டச் சொல்லி இருபது பிரிக்கச் சொல்லும் கூட்டத்தில் நீ சேராதே. பிரித்துப் போடுகிற பெண்களும் வேலைக்குப் போகிற பெண்கள்தான். கடை கொடுத்த ஒரே மாதிரிச் சேலை, காலையில் பின் குத்தினால் ராத்திரி கடை அடைக்கும் வரைக்கும் அதே சேலை, பாதிப் பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள். வசந்தபாலன் 2010-இல் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தை நீ பார்த்திருப்பாய், அது ரங்கநாதன் தெருவின் கதைதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2021-இல், கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே. போன மாதம் ஒரு கடையில் பாவாடை எடுக்கும்போது அந்தப் பெண்ணிடம் எது நல்லா இருக்கும்மா என்று கேட்டேன். விலை கூடினதைக் காட்டவில்லை. தன் சேலை ஓரத்தை லேசாகத் தூக்கி, "நாங்க இதைத்தாம்மா கட்டுறோம், பன்னிரண்டு மணி நேரம் நிக்க இதுதான் சரியா வருது" என்றாள். அதைத்தான் வாங்கினேன். எட்டு பட்டி வைத்து, நடக்கக் காலடி அகலமாக விரிகிறது. அதே கடைக்கு உன்னையும் கூட்டிப் போகிறேன்.

திட்டம் இப்படி. வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலை எழும்பூர். சித்தப்பா ஸ்டேஷனுக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குக் கோ-ஆப்டெக்ஸ். ஞாயிற்றுக்கிழமை தி.நகர் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக்கூடாது, ஆகவே திங்கள் காலை கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடுவோம். நீ வேலைக்குச் சேருவது புதன்தானே. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ சுற்றித்தான் போகும், அரை மணி கூட வைத்துக்கொள். கடைசியில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் உன்னை ஒரு தடவை நடத்திக் காட்டுகிறேன், ரயிலில் வருகிற நாட்களில் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் இறங்காமலே வெளியே வந்துவிடலாம்.

வரும்போது உனக்குச் சரியாகப் பொருந்துகிற ரவிக்கை ஒன்றும் குர்தா ஒன்றும் எடுத்து வா, தையற்காரருக்கு அளவுக்கு. அழகானது வேண்டாம், பொருந்துகிறது வேண்டும்.

இன்னொன்றும் எடுத்து வா. அக்காவின் பீரோவில் மேல்தட்டில், மஞ்சள் துணியில் சுற்றி மாம்பழ நிறத்தில் ஒரு மதுரைச் சுங்குடி இருக்கும். பஸ் படியில் கிழித்த காஞ்சிபுரம் காட்டனுக்குப் பதிலாக, முதல் சம்பளத்தில் வாங்கி அவளுக்கு அனுப்பினேன். "வேலைக்குப் போறவ கட்டுற சேலை, எனக்கெதுக்கு" என்று சொல்லி அவள் ஒரு நாளும் கட்டவில்லை, எனக்குத் திருப்பியும் தரவில்லை. உன் இரண்டாவது சேலை அதுதான். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று நினைக்கிறேன், நான் கேட்டதாகச் சொல்லாதே. மடிப்பில் இற்றுப்போயிருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்து வா. ஃபால்ஸ் இருக்காது. இங்கே தைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சித்தி